இரண்டாவது புள்ளி

"கம்ப்யூட்டரும் இத்தா இருக்குதாம்மா?"

ருமைசா இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது நிறையவில்லை. கேலி செய்யத் தெரிந்த வயதில்லை அது. கண்ணால் பார்த்ததைத்தான் கேட்டாள். அவளுடைய அத்தா ஹுமாயூன் குவைத்தில் மவுத்தாகிவிட்டார் என்று போன் வந்த நாளிலிருந்து அம்மா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு, வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளறையிலேயே இருந்தாள். ஏன் என்று கேட்டால் "அம்மா இத்தா இருக்காங்க" என்றார்கள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் அன்னிய ஆண்கள் கண்ணில் படாமல், அலங்காரம் எதுவும் இல்லாமல் வீட்டுக்குள் கழிக்கிற காலம் அது. அதே அறையில் இருந்த கம்ப்யூட்டரும் அன்று காலை நிறம் போய் எழுந்திருந்தது. திரையின் அடியில் நீலமாக ஓடும் பட்டை சாம்பலாகிவிட்டது. பச்சை ஸ்டார்ட் பட்டனும் சாம்பல். எதை அழுத்தினாலும் சத்தம் இல்லை.

அம்மா நஜீமா மவுஸை மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். அவள் திறக்கப் பார்த்தது ஹுமாயூனின் குரலை.

லப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளைப் போல அந்த வீட்டு ஆண்மகனும் வளைகுடாவில்தான் இருந்தான். குவைத்தில் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டினான். கடைசியாக லீவில் வந்தபோது மகள் படிக்க உதவும் என்று திருச்சியிலிருந்து ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். அதில் மைக்கைச் சொருகிப் பேசினால் பேச்சைச் சேமித்து வைக்கலாம் என்று தெரிந்ததும் சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டான். தினமும் உட்கார்ந்து பேசினான். மகளுக்கு, சாப்பிடும் நேரத்தில் போட்டுக் காட்ட. தங்கைக்கு, ஒழுங்காகப் படிக்கச் சொல்லி. அந்தப் பதிவு ஒரு நிமிடத்தில் தானாக நின்றுவிடும். அளந்து பேசத் தெரியாத மனிதன் என்பதால் அவன் பேச்செல்லாம் பாதியிலேயே அறுந்து நின்றது. நஜீமாவுக்கென்றும் சில பேசியிருந்தான். அவற்றை அவள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பாள்.

அவன் உடல் இந்த ஊருக்கு வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். போய் நின்று ஓத ஒரு கபர்கூட இங்கே இல்லை. ஊரில் மிஞ்சியிருந்தது அந்தக் குரல்தான்.

கம்ப்யூட்டரை அப்படி ஆக்கியது யார் என்று வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். ஹுமாயூனின் தங்கை ஷைமா. பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு பஸ்ஸில் போய்ப் படித்துக்கொண்டிருந்தாள். சில நாளாக அண்ணனுடைய குரல் விக்கி விக்கி வந்தது. அதைக் கேட்கும்போதெல்லாம் மச்சி நஜீமாவின் முகம் வாடுவதை அவள் பார்த்தாள். சென்டரில் சார் ஒரு நாள் காட்டிய ஒரு பக்கம் நினைவுக்கு வந்தது. அதைத் திறந்தாள். மூன்று வரிகள், ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வட்டம். இரண்டாவது வரியில் 'டயக்னாஸ்டிக்' என்று இருந்தது. பெரம்பலூரில் தன் அத்தா ஹஸ்ஸானுக்கு ரத்தம் எடுத்து ஸ்கேன் பார்த்த இடத்தின் போர்டில் இருந்த அதே சொல். அழுத்தினால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே சோதித்து என்ன நோவு என்று சொல்லிவிடும் என்று நம்பினாள். பிஸ்மில்லா சொல்லித்தான் அழுத்தினாள். அணைந்து எழுந்த கம்ப்யூட்டர் ஏதோ ஒரு அறிவிப்பைக் காட்டியது. பயத்தில் அதைப் படிக்காமலே, இனிமேல் வராதபடி டிக் போட்டு மூடிவிட்டாள்.

மறுநாள் சென்டருக்குப் போகாமல், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள்.

"லப்பைக்குடிக்காட்டுலேருந்து வரேன். கம்ப்யூட்டர்ல சத்தமே வரலைங்க."

கடைக்காரர் இளையபெருமாள் எதையோ கழற்றிக்கொண்டிருந்தார். "எலி ஒயரைக் கடிச்சிருக்கும். உங்க ஊரு எலிக்குத்தான் நம்ம ஊரு ஒயர் பிடிக்காதே, துபாய் ஒயரா பாத்துக் கடிக்கும்."

"ஒயரெல்லாம் பாத்தாச்சுங்க. கலரே மாறிப் போயிடுச்சு."

"அப்ப வைரஸ். பெட்டியத் தூக்கிட்டு வரச் சொல்லும்மா. ஃபார்மட் போட்டு எல்லாத்தையும் புதுசா ஏத்தித் தரேன்."

"உள்ள இருக்கறதெல்லாம்?"

"போயிடும். சுவத்துக்கு வெள்ளை அடிச்சா புள்ளைங்க கிறுக்கினது நிக்குமா?"

ஷைமாவுக்கு அழுகை வந்துவிட்டது. "எங்க அண்ணன் பேசி வெச்சது அதுலதாங்க இருக்கு. குவைத்துல இறந்து போயிட்டாங்க. ஹுமாயூன்னு பேரு."

இளையபெருமாள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "அடடா. தெரியாமப் பேசிட்டேன் தாயி."

மூலையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்த கலைச்செல்வன் தலையை நிமிர்த்தினான். அந்தப் பெயர் அவனுக்குத் தெரியும்.

கலைச்செல்வனுக்கு ஊர் விக்கிரமங்கலம். பிறர் நிலத்தில் தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பம். அண்ணன் தர்மராஜ் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்துவிட்டுக் குவைத்துக்குப் போனான். ஹுமாயூன் வேலை பார்த்த அதே கம்பெனி, அடுத்தடுத்த கட்டில். போன நோன்பு மாதத்தில் விக்கிரமங்கலத்தில் அப்பா பாவாடை படுத்த படுக்கையாகிவிட்டார். பெரிய மகனைக் கேட்டுக் கேட்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் லீவு முறைவைத்துத்தான் கொடுப்பார்கள். அந்த மாத முறை ஹுமாயூனுடையது. பெருநாளைக்கு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தான்.

அந்த முறையை அவன் தர்மராஜுக்குக் கொடுத்துவிட்டான்.

"பெருநாள் வருஷா வருஷம் வரும்டா. அப்பா ஒரு தடவதான் சாவாரு. போ" என்றானாம். "எங்க வூட்டுல மட்டும் தெரிய வேணாம். நஜீமா அழுவா. லீவு கெடைக்கலன்னு சொல்லிக்கறேன்."

தர்மராஜ் வந்தான். பாவாடை மகன் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். ஹுமாயூனின் அடுத்த முறை பக்ரீத் மாதத்தில். அதற்குள் ஒரு நாள் தூங்கப் போனவன் எழுந்திருக்கவில்லை. குவைத்திலிருந்து போனில் தர்மராஜ் அழுதுகொண்டே இருந்தான். "நாம அவருக்கு என்னடா செய்யப் போறோம் கலை" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

கலைச்செல்வன் எழுந்து வந்தான். "யாராச்சும் உள்ள போயி எதையாச்சும் மாத்தினீங்களா?"

"இல்லைங்க" என்றாள் ஷைமா. முகம் வெளுத்துவிட்டது. பயத்தில் வருகிற பொய்யில் கெடுதல் எண்ணம் இருப்பதில்லை. இறைவன் அதைச் சீக்கிரம் மன்னித்துவிடுவான். ஆனால் அந்த ஒரு பொய்யால், அங்கேயே இரண்டு வார்த்தையில் சொல்லித் தீர்த்திருக்க வேண்டிய காரியம் தீராமல் போயிற்று.

"பெட்டியக் கொண்டாராதீங்க" என்றான் அவன். "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நானே வரேன்."

வீட்டில் இதைச் சொன்னபோது நஜீமா ஒப்புக்கொள்ளவில்லை. பெட்டி வீட்டைவிட்டுப் போகாது. அதே சமயம் அன்னிய ஆள் அதன் முன்னால் உட்காரவும் கூடாது.

"நீ அடுப்படியில இருந்துக்கம்மா. அவரு பாத்துட்டுப் போவட்டும்" என்றார் மாமனார் ஹஸ்ஸான்.

"வேணாம் மாமா."

"ஏன்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஷைமாதான் பிறகு அத்தாவிடம் மெதுவாக விளக்கினாள். பழுது பார்க்கிறவர் சத்தம் வருகிறதா என்று சோதிக்க எதையாவது அழுத்துவார். எது கையில் அகப்படும் என்று யாருக்குத் தெரியும்? ஒரு மனிதன் தன் மனைவிக்கு மட்டும் சொன்ன பேச்சு நடுக்கூடத்தில் கேட்டுவிட்டால்? ஹஸ்ஸான் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை கலைச்செல்வன் வந்தபோது, முழுக்கச் சொல்லாமல், "மருமவ இத்தாவுல இருக்கு தம்பி. கம்ப்யூட்டர் அது ரூம்ல. நீங்க உள்ள போவ முடியாது. அது வெளிய வர முடியாது" என்றார்.

"பரவால்ல பாய். நான் இங்க உக்காந்தே சொல்றேன். அவங்க செய்யட்டும்."

"மருமவ அன்னிய ஆளுங்ககிட்ட நேரா பேசாது தம்பி."

ருமைசா தாத்தாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கலைச்செல்வன் அவளைப் பார்த்தான். "இவங்க பேசுவாங்களா?"

"இவ வாயி மூடாது" என்றார் ஹஸ்ஸான்.

அப்படித்தான் வேலை தொடங்கியது. உள்ளறை வாசலில் துணித் திரை. கூடத்து நாற்காலியில் கலைச்செல்வன். நடுவில் திரைக்கு அடியில் நுழைந்து நுழைந்து ருமைசா. ஷைமா அடுப்படியிலிருந்து வரவே இல்லை.

"கீழ் மூலையில ஸ்பீக்கர் படம் இருக்கான்னு கேளு பாப்பா."

போய் வந்தாள். "இல்லையாம்."

"பாட்டு, பேச்சு வெச்சிருக்கறதெல்லாம் பேரு தெரியுதா?"

"பேரெல்லாம் இருக்காம். தொட்டா பேச மாட்டேங்குதாம்."

கலைச்செல்வன் மூச்சை விட்டான். பெயர்கள் இருந்தால் பேச்சும் இருக்கும். "ஸ்டார்ட்டை அழுத்தினா ஒரு லிஸ்ட் வரும். அதுல ரன். சொல்லு, ரன்."

ருமைசா அவனை ஒரு முறை பார்த்தாள். வாசல்வரை ஓடினாள். திரும்ப ஓடி வந்து நின்றாள். "ஓடிட்டேன்."

ஹஸ்ஸான் சிரித்துவிட்டார். மகன் போன பிறகு சிரித்த முதல் சிரிப்பு. உடனே அதற்காக வெட்கப்பட்டவர்போல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நீ ஓட வேணாம். அம்மாவ அந்த ரன்னை அழுத்தச் சொல்லு. ஒரு சின்னக் கட்டம் வரும். அதுல நான் சொல்ற எழுத்தை வரிசையா அடிக்கணும். உனக்கு ஏ பி சி டி வருமா?"

"இஸட் வரைக்கும் வரும்."

எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி. ஒவ்வோர் எழுத்தாகக் கையில் ஏந்திக்கொண்டு போவதுபோல அவள் உள்ளே கொண்டுபோனாள். கடைசியில் வந்து, "இங்கிலீஷ்ல என்னமோ திட்டுதாம்" என்றாள்.

"எஸ்ஸை எஃப்னு சொல்லிட்டியா?"

"ரெண்டும் ஒரே மாரிதான இருக்கு?"

இரண்டாம் முறை சரியாக விழுந்தது. ஒரு பெரிய கட்டம் திறந்தது. கலைச்செல்வன் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தான். "மேல மூணு வட்டம் இருக்கும். எந்த வட்டத்துக்குள்ள புள்ளி இருக்கு?"

"ரெண்டாவதுல."

அவனுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே நஜீமா அந்த வரியை எழுத்துக் கூட்டி வாய்க்குள் படிப்பது திரைக்கு இப்பால் லேசாகக் கேட்டது. "டயக்... னாஸ்டிக்."

"டயக்னாஸ்டிக்கா?" என்றார் ஹஸ்ஸான். "எனக்கு ஸ்கேன் எடுத்த எடமாச்சே அது."

அடுப்படியில் ஒரு தட்டு கை தவறி விழுந்து சுற்றி அடங்கியது.

உள்ளே நஜீமா மகளைக் கூப்பிட்டாள். பிறகு ருமைசா திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "அம்மாதான் தெரியாம அழுத்திட்டாங்களாம்."

அது உண்மையில்லை என்று கலைச்செல்வனுக்குப் புரிந்தது. அந்தப் பக்கத்தைத் திறக்கத் தெரியாமல்தானே இவ்வளவு நேரம் ஒவ்வோர் எழுத்தாக ஒரு குழந்தையிடமிருந்து வாங்கி அடித்தாள்? ஆனாலும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்தவர் குற்றத்தைத் தன்மேல் எடுத்துப் போட்டுக்கொள்கிறவரிடம் சாட்சி கேட்பது மரியாதையில்லை.

"யாரு கை பட்டாலும் இப்படித்தாங்க ஆவும்" என்றான், திரைக்கும் அடுப்படிக்கும் கேட்கும்படி. "இது நோவு இல்ல. கம்ப்யூட்டரை சோதனைக்குன்னு எழுப்பி வுட்டிருக்கு. அப்படி எழுப்பினா உசுருக்கு வேண்டியதை மட்டும் வெச்சுக்கிட்டு சத்தம், கலர் எல்லாத்தையும் ஒதுக்கி வெச்சிரும். ஒதுக்கிதான் வெச்சிருக்கு. ஒண்ணுகூட அழியல."

திரை அசைந்தது. திரைக்கு அந்தப் பக்கம் நஜீமா வாசல் நிலையில் தலையைச் சாய்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"முதல் வட்டத்துல புள்ளிய வெக்கச் சொல்லு பாப்பா. நார்மல்னு இருக்கும். அப்புறம் ஓகே. ரீஸ்டார்ட்டான்னு கேக்கும். அதை மட்டும் இப்ப அழுத்த வேணாம்."

சொல்லிவிட்டு எழுந்து நின்றான்.

"எங்க தம்பி?" என்றார் ஹஸ்ஸான்.

"நான் தெருமுனை டீக்கடையில இருக்கேன் பாய். நான் போன பின்னாடி ரீஸ்டார்ட் கொடுக்கச் சொல்லுங்க. எழும்பினதும் அவங்களே ஏதாச்சும் போட்டுப் பாக்கட்டும். சத்தம் வந்தாலும் சொல்லியனுப்புங்க, வரலைன்னாலும் சொல்லியனுப்புங்க."

"இருந்து பாத்துட்டுப் போங்களேன்."

"அவங்க வூட்டுக்காரரு பேச்சு அது. நான் கேக்கக் கூடாதுங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். யாரும் அவனிடம் சொல்லாத ஒன்றை அவனாகப் புரிந்துகொண்டதற்கு நஜீமா திரைக்குள்ளிருந்து இறைவனிடம் துஆ செய்தாள். பிறகு அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் திரை கறுத்தது. எழுந்தது. நீலப் பட்டை வந்தது, ஸ்டார்ட்டும் பச்சையானது. எப்போதும் தொடக்கத்தில் வரும் அந்தச் சின்ன இசை ஸ்பீக்கரில் ஒலித்ததும் ருமைசா கைதட்டினாள். நஜீமா மகளுடையதைத்தான் முதலில் திறந்தாள்.

"ருமைசா... அத்தா பேசறேன். சோறு தின்னியா? முருங்கக்கீரைய ஒதுக்கி வெச்சிருப்பியே, எனக்குத் தெரியும். ஒழுங்கா தின்னு. அம்மாவ ரொம்பப் படுத்தாத, அம்மாவுக்கு நான் இல்லாட்டி..." ஒரு சிரிப்பு. "நோன்புப் பெருநாளைக்கு இன்ஷா அல்லாஹ் அத்தா வந்துருவேன். வந்ததும் உன்னைய வெள்ளாத்துக்கு..."

அத்தோடு நின்றது. ஒரு நிமிடம் அவ்வளவுதான்.

"தின்னுட்டேன் அத்தா" என்றாள் ருமைசா, கம்ப்யூட்டரைப் பார்த்து.

நஜீமா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். ஷைமா ஓடி வந்து வாசலிலேயே நின்றாள். "மச்சி, நான்தான்... நான்தான் மச்சி அதை..." என்று திணறியவளை நஜீமா இழுத்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "தெரியும்" என்றாள். "உன் குரலும் அவங்க குரல் மாரிதான் இருக்கு. அழுதா கேக்க முடியல. அழாத."

டீக்கடைக்குக் குழந்தையை அனுப்பாமல் ஹஸ்ஸானே வந்தார். கண் சிவந்திருந்தது. பெஞ்சில் கலைச்செல்வன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வந்துருச்சு தம்பி."

"நல்லது பாய்."

"எவ்வளவு தரணும்?"

"ஞாயித்துக்கிழமைங்க. கடை லீவு."

"கடைக்கு லீவு. உங்க வயித்துக்கும் லீவா?" என்று ஒரு டீ சொன்னார். அது வந்ததும் வாங்கி அவன் கையில் கொடுத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "பெருநாளைக்கு வரேன்னு அதுல சொல்றான். கேட்டுட்டு இருக்க முடியல. வரல தம்பி. லீவு கெடைக்கலன்னான். ஓவர்டைம் பாக்கலாம்னு இருந்துட்டானோன்னு மருமவளுக்கு ஒரு குறை. வாய்விட்டுச் சொல்லாது. எனக்கும் அதான். அன்னிக்கி வந்திருந்தா மொகத்தையாச்சும் பாத்திருப்போம்."

கலைச்செல்வனின் கையில் டீ கிளாஸ் சுட்டது. அவன் அதை இடம் மாற்றவில்லை. சொல்லிவிட ஒரு வாக்கியம் போதும். அந்த முறையில் ஊருக்கு வந்தது என் அண்ணன், உங்கள் மகனுடைய பெருநாள் எங்கள் அப்பாவின் படுக்கைக்கு வந்தது என்று சொன்னால் இந்தப் பெரியவரின் குறை தீரும். தீர்ந்த இடத்தில் வேறொன்று வந்து உட்காரும். அதை இவரால் தாங்க முடியுமா, உள்ளே வெள்ளைப் புடவையில் இருக்கிறவளால் தாங்க முடியுமா என்று அவனுக்குத் தெரியவில்லை. வீட்டில் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர் இப்போது வந்து 'சரி, சொல்' என்று விடுவிக்கவும் முடியாது.

"லீவு கொடுக்கறது கம்பெனி கையில பாய்" என்றான் கடைசியில். "எங்க அண்ணனும் அங்கதான் இருக்கான். காசுக்காக இருந்திருக்க மாட்டாரு. அது மட்டும் எனக்கு நிச்சயமா தெரியும். உங்க மருமவகிட்டயும் நான் சொன்னேன்னு சொல்லுங்க."

ஹஸ்ஸான் அவன் முகத்தையே பார்த்தார். "நெசமாவா தம்பி?"

"எங்கப்பா மேல சத்தியமா."

பெரியவர் அவன் தலையில் கை வைத்தார். உதடுகள் அசைந்தன. பிறகு எழுந்து, அசர் தொழுகைக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு மெல்ல நடந்து போனார்.

பஸ் நிறுத்தத்தில் அந்த நேரத்துக்கு ஒருவரும் இல்லை. மாசி வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று தூசியைக் கிளப்பிக்கொண்டு போய், அந்தத் தூசியும் அடங்கியது. வெள்ளாற்றுப் பக்கமிருந்து காற்று வந்தது. கலைச்செல்வன் கையைக் கூப்பலாமா என்று நினைத்தான். அவர்கள் எப்படி வேண்டுவார்கள் என்று அவனுக்குச் சரியாகத் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நின்றான்.

"ஹுமாயூன் பாய், உங்கள வூட்டுல கொண்டாந்து வுட்டுட்டேன்" என்றான், வாய்க்குள். "புள்ளகூடப் பேசிக்கிட்டு இருக்கீங்க. எங்களால முடிஞ்சது இவ்வளவுதான்."

பஸ் தூரத்தில் திரும்புவது தெரிந்தது. அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, கையை நீட்டி நிறுத்தினான்.